பாட்டிக்கு என்ன வயது? மயக்க மருந்துக்கு முன் சரியாகச் சொல்ல வேண்டிய பதில்

பாட்டிக்குப் பித்தப்பையில் கல். வயிற்றில் சிறு துளைகள் போட்டுப் பித்தப்பையை எடுத்துவிடலாம் என்று மருத்துவமனையில் சொல்லித் தேதியும் கொடுத்துவிட்டார்கள். அறுவைச் சிகிச்சையைப் பற்றிப் பாட்டி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"வயசானவங்களுக்கு மயக்க மருந்து கொடுத்தா எந்திரிக்க மாட்டாங்கன்னு சொல்றாங்களே, மெய்யா?"

பக்கத்தில் இருந்த அத்தைக்கு வேறு பயம். "மருந்து பத்தாம பாதியில முழிப்பு வந்துட்டா என்ன பண்றது?"

ஒருவருக்கு மருந்து கூடிவிடுமோ என்ற அச்சம். மற்றவருக்குக் குறைந்துவிடுமோ என்ற அச்சம். தோட்டத்திலும் தாமானிலும் அறுவைச் சிகிச்சை என்ற பேச்சு எழும்போதெல்லாம் இந்த இரண்டு கேள்விகளும் எழுகின்றன. இரண்டுக்கும் நடுவில்தான் மயக்கவியல் நிபுணரின் வேலை இருக்கிறது. அந்த வேலைக்கு அவர் நம்பியிருக்கும் எண் ஒன்று உண்டு. அந்த எண்ணைச் சரியாகக் கணக்கிட நோயாளியின் வயது தேவை.

அங்கேதான் எங்கள் வீட்டில் சிக்கல். பாட்டியின் அடையாள அட்டையில் பிறந்த ஆண்டு 1955. தோட்டத்து லயத்தில் பிறந்தவர் அவர். பிறப்பைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் பதிவு செய்தார்கள். "அது கிராணி போட்ட வயசு" என்பார். மெர்டேக்கா ஆண்டில் தோட்டத்துத் திடலில் கொடி ஏற்றியதை, தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்ததாகவும் சொல்வார். அட்டைப்படி பார்த்தால் 1957இல் அவருக்கு இரண்டு வயது. இரண்டு வயதுக் குழந்தை தம்பியை இடுப்பில் தூக்குமா? வீட்டுக் கணக்கில் அவர் அட்டையைவிட எட்டு வயது மூத்தவர்.

இந்த எட்டு வயது மயக்க மருந்தில் எவ்வளவு மாற்றத்தை ஏற்படுத்தும்? அதைத் தெரிந்துகொள்ளப் போய்க் கற்றதுதான் இந்தக் கட்டுரை.

தூக்கம் வேறு, மயக்கம் வேறு

"தூங்க வைத்துவிடுவார்கள்" என்று நாம் ஆறுதல் சொல்கிறோம். தூங்குகிறவரைக் கிள்ளினால் எழுந்துவிடுவார். மயக்கத்தில் இருப்பவர் கத்தி பட்டாலும் எழக்கூடாது, அசையக்கூடாது, பிறகு அதை நினைவில் வைத்திருக்கவும் கூடாது. மருந்தால் உண்டாக்கி, மருந்தை நிறுத்தியதும் மீட்கக்கூடிய நிலை அது. தமிழ் இலக்கணம் படித்த எனக்கு 'மயக்கம்' என்றதும் ஒன்றோடு ஒன்று கலந்து நிற்பது என்ற பொருள்தான் முதலில் நினைவுக்கு வரும். நம் பேச்சிலும் இந்த இரண்டு சொற்களும் அப்படித்தான் கலந்து கிடக்கின்றன.

பெரும்பாலான பெரியவர்களுக்கு முதலில் கையில் ஓர் ஊசி போட்டு நினைவிழக்கச் செய்கிறார்கள். அதனால்தான் 'மயக்க ஊசி' என்ற பெயர் நம்மிடம் நிலைத்துவிட்டது. ஆனால் அந்த ஊசியின் வேகம் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அதன்பின் ஒரு மணி நேரமோ நான்கு மணி நேரமோ மயக்கத்தைத் தாங்கிப் பிடிப்பது பல வேளைகளில் மூச்சின் வழியே போகும் ஆவி மருந்து. செவோஃபுளூரேன், ஐசோஃபுளூரேன், டெஸ்ஃபுளூரேன் ஆகிய மூன்றும் இன்று அதிகம் பயன்படுபவை. பாட்டிலில் திரவமாக இருக்கும் மருந்தை ஒரு பெட்டி ஆவியாக்கி, உயிர்வாயுவோடு கலந்து அனுப்புகிறது. ஒன்றை எடுத்து இன்னொன்றில் ஊற்றிவிடாதிருக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம்: செவோஃபுளூரேனுக்கு மஞ்சள், ஐசோஃபுளூரேனுக்கு ஊதா, டெஸ்ஃபுளூரேனுக்கு நீலம்.

கண்ணைப் பார்த்து அளந்த காலம்

1846ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் தேதி, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், வில்லியம் மோர்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈத்தர் ஆவியைக் கொடுத்து ஒரு நோயாளியை மயக்கிக் காட்டினார். அதுவே பொதுமக்கள் அறிய நடந்த முதல் வெற்றி. அடுத்த ஆண்டே லண்டனில் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் ஈத்தர் மயக்கத்தை ஐந்து படிகளாகப் பிரித்து எழுதினார். காலரா நோய் தண்ணீரால் பரவுகிறது என்று கண்டுபிடித்தவரும் இதே ஸ்னோதான்.

பின்னர் அமெரிக்க மருத்துவர் ஆர்தர் கெடல், முதலாம் உலகப் போர்க் கால அனுபவத்தைக் கொண்டு இன்னும் தெளிவான அட்டவணை ஒன்றைத் தந்தார். மூச்சு எப்படி ஓடுகிறது, கருவிழி எவ்வளவு விரிந்திருக்கிறது, கண்கள் உருள்கின்றனவா, இமையைத் தொட்டால் சிமிட்டுகிறதா என்று பார்த்து மயக்கத்தின் ஆழத்தைச் சொல்லும் முறை அது.

இன்று அந்த அடையாளங்களை நம்பியிருக்க முடியாது. பாட்டிக்குச் செய்வது போன்ற வயிற்று அறுவைச் சிகிச்சையில் தசைகளைத் தளரச் செய்யும் மருந்தும் கொடுக்கிறார்கள். மூச்சுவிடும் வேலையையும் இயந்திரமே செய்கிறது. தசை முழுவதும் தளர்ந்தபின், உள்ளே விழிப்பு வந்தாலும் நோயாளியால் விரலைக்கூட அசைக்க முடியாது. அத்தை பயப்படுவது இந்த நிலைக்குத்தான். அசைவு என்ற அடையாளமே போனபின், உடலுக்குள் எவ்வளவு மருந்து இருக்கிறது என்பதை வேறு வழியில் அளந்தாக வேண்டும்.

வாளி நிறைந்தால் போதுமா?

பாட்டி முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். நிறுக்கும் இடத்தில் பாலின் எடையை மட்டும் பார்த்து விடமாட்டார்கள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். மெட்ரோலாக் என்ற கருவியைப் பாலில் மிதக்கவிட்டு, அதில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பார்கள். மழை பெய்த நாளில் வாளி நிறைந்திருக்கும். ரப்பர் குறைவாக இருக்கும். வாளியின் கணக்கு வேறு, உள்ளே இருக்கும் சரக்கின் கணக்கு வேறு.

மயக்க மருந்திலும் இதே கதைதான். மருந்துப் பெட்டியின் திருகை 3 விழுக்காட்டுக்குத் திருப்பினால், அந்த நொடியே மூளைக்கு 3 விழுக்காடு போய்ச் சேர்வதில்லை. குழாயில் உள்ள காற்றோடு அது கலக்க வேண்டும், நுரையீரலை நிரப்ப வேண்டும், இரத்தத்தில் கரைய வேண்டும். தொடக்கத்தில் இரத்தம் மருந்தை வாரி எடுத்துக்கொண்டே இருக்கும். திருகில் தெரிவது அனுப்பிய அளவு; மூளையில் இருப்பது வேறு அளவு.

மூளைக்குள் கருவியை விட்டு அளக்க முடியாது. அதற்கு ஒரு மாற்று வழி இருக்கிறது. நாம் மூச்சை வெளியே விடும்போது முதலில் வருவது தொண்டையிலும் மூச்சுக்குழாயிலும் நின்ற காற்று. கடைசியில் வருவதுதான் நுரையீரலின் ஆழத்தில் உள்ள நுண்ணறைகளில் இருந்த காற்று. அந்த நுண்ணறைகளில் காற்றும் இரத்தமும் மெல்லிய சவ்வின் இரு பக்கங்களில் இருப்பதால், சற்று நேரம் சென்றபின் அங்குள்ள மருந்தின் அளவும் இரத்தத்தில் உள்ள அளவும் நெருங்கிவிடும். மூளைக்கு இரத்த ஓட்டம் அதிகம் என்பதால் அதுவும் விரைவில் அதே நிலைக்கு வந்துவிடும். ஆகவே மூச்சின் கடைசிப் பகுதியை அளந்தால் மூளையில் நடப்பதை ஓரளவு படிக்கலாம்.

நோயாளியின் வாய்க்கு அருகில் உள்ள குழாயிலிருந்து ஒரு மெல்லிய குழல் சிறிதளவு காற்றைத் தொடர்ந்து உறிஞ்சிக் கருவிக்கு அனுப்புகிறது. கருவி அந்தக் காற்றுக்குள் அகச்சிவப்புக் கதிரைச் செலுத்துகிறது. ஒவ்வொரு மருந்தும் தனக்கே உரிய அலைகளை விழுங்கும். எவ்வளவு விழுங்கப்பட்டது என்பதிலிருந்து எந்த மருந்து, எத்தனை விழுக்காடு என்று ஒவ்வொரு மூச்சுக்கும் திரையில் எண் வந்துவிடும்.

'மேக்' என்ற அளவுகோல்

மூச்சில் 1.8 விழுக்காடு செவோஃபுளூரேன் இருக்கிறது என்று திரை காட்டுகிறது. அது போதுமா, அதிகமா? இதற்கு விடை சொல்ல ஓர் அளவுகோல் வேண்டும். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் பணியாற்றிய எட்மண்ட் ஈகரும் அவருடைய குழுவினரும் 1960களின் முற்பகுதியில் அதை உருவாக்கினார்கள். 1965இல் அதை எல்லா ஆவி மருந்துகளுக்கும் பொதுவான அளவுகோலாக முன்வைத்தார்கள். அதைச் சுருக்கமாக 'மேக்' என்கிறார்கள். நுரையீரலின் நுண்ணறைகளில் இருக்க வேண்டிய குறைந்தபட்ச மருந்தளவு என்பது அதன் பொருள்.

தோலைக் கத்தியால் கீறும்போது நூறு பேரில் ஐம்பது பேர் அசையாமல் இருக்க எவ்வளவு மருந்து வேண்டுமோ, அது 1 மேக். மருந்துக்கு மருந்து இது மாறும். 40 வயதுக்காரருக்கு:

• ஐசோஃபுளூரேன் – சுமார் 1.2 விழுக்காடு
• செவோஃபுளூரேன் – சுமார் 1.8 விழுக்காடு
• டெஸ்ஃபுளூரேன் – சுமார் 6.6 விழுக்காடு
• 'சிரிப்பு வாயு' எனப்படும் நைட்ரஸ் ஆக்சைடு – சுமார் 104 விழுக்காடு

கடைசி எண் அச்சுப்பிழை இல்லை. நூறு விழுக்காடு சிரிப்பு வாயுவைக் கொடுத்தாலும் 1 மேக் எட்டாது. அப்படிக் கொடுத்தால் சுவாசிக்க உயிர்வாயுவே இருக்காது. எனவே அது துணை மருந்து மட்டுமே. ஆனால் மேக் அளவுகளைக் கூட்டிக்கொள்ளலாம். சிரிப்பு வாயுவால் அரை மேக், செவோஃபுளூரேனால் அரை மேக் என்றால் மொத்தம் ஏறக்குறைய 1 மேக்.

ஐம்பது பேர் அசையமாட்டார்கள் என்றால் மீதி ஐம்பது பேர்? நியாயமான கேள்வி. ஏறத்தாழ 1.3 மேக் அளவில் பெரும்பாலும் எல்லாருமே அசையாமல் இருப்பார்கள். நடைமுறையில் வலி நிவாரணியும் சேர்த்துக் கொடுப்பதால் அவ்வளவு தேவைப்படுவதில்லை. இன்னொரு விஷயமும் உண்டு. அசைவு நிற்பதற்கு வெகு முன்பே நினைவு போய்விடுகிறது. அழைத்தால் கண் திறக்காத நிலைக்கு 1 மேக்கில் மூன்றில் ஒரு பங்கு அளவே போதும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன.

பத்து ஆண்டுக்கு 6 விழுக்காடு

வயது ஏற ஏற மருந்து குறைவாகவே தேவைப்படும் என்பதை ஈகரின் குழுவினரே 1969இல் ஹாலோத்தேன் என்ற பழைய மருந்தைக் கொண்டு காட்டினார்கள். பிறகு பல மருந்துகளில், பல வயதினரிடம், பல நாடுகளில் ஆய்வுகள் நடந்தன. வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரைச் சேர்ந்த மருத்துவ இயற்பியலாளர் வில்லியம் மேப்பிள்சன் அவற்றையெல்லாம் ஒன்று திரட்டி 1996இல் ஒரே கணக்குக்குள் கொண்டுவந்தார்.

அவர் கண்டது எளிமையானது. ஒரு வயதுக்குப் பிறகு, ஒவ்வொரு பத்து ஆண்டுக்கும் மருந்தின் தேவை சுமார் 6 விழுக்காடு குறைகிறது. எந்த ஆவி மருந்தாக இருந்தாலும் ஏறக்குறைய இதே வேகம்தான். அதன்படி செவோஃபுளூரேனுக்கு 1 மேக் என்பது:

• 10 வயதில் – 2.2 விழுக்காடு
• 20 வயதில் – 2.0 விழுக்காடு
• 40 வயதில் – 1.8 விழுக்காடு
• 60 வயதில் – 1.6 விழுக்காடு
• 80 வயதில் – 1.4 விழுக்காடு

இதன் விளைவைப் பாருங்கள். ஒரே அறையில், ஒரே இயந்திரத்தில், அடுத்தடுத்து மூன்று பேருக்கு அறுவைச் சிகிச்சை நடக்கிறது. மூவருடைய மூச்சிலும் 1.8 விழுக்காடு மருந்து. 40 வயது அம்மாவுக்கு அது சரியாக 1 மேக். 10 வயது மகனுக்கு 0.83 மேக்தான். 80 வயது பாட்டிக்கோ ஏறத்தாழ 1.3 மேக். திரையில் விழுக்காடு ஒன்றே. மயக்கத்தின் ஆழம் மூன்று விதம்.

இதற்காகவே இன்றைய கண்காணிப்புக் கருவிகள் பலவற்றில் நோயாளியின் வயதை உள்ளிட இடம் இருக்கிறது. வயதைக் கொடுத்தால் கருவி மேக் எண்ணைத் திருத்திக் காட்டும். கொடுக்க மறந்தால், படுத்திருப்பவர் 40 வயதுக்காரர் என்று எடுத்துக்கொண்டே பல கருவிகள் கணக்குப் போடும். அப்போது 80 வயதுப் பாட்டியின் மூச்சில் 1.8 விழுக்காடு இருந்தால் திரை '1.0' என்று சாதுவாகக் காட்டும்; உண்மையில் அவர் அதைவிட ஆழத்தில் இருப்பார்.

அட்டையில் வயது தவறாக இருந்தால்?

இப்போது பாட்டியின் கணக்குக்கு வருவோம். அட்டைப்படி 70 வயது என்றால் 1 மேக் சுமார் 1.5 விழுக்காடு. வீட்டுக் கணக்கின்படி 78 என்றால் சுமார் 1.4. வித்தியாசம் 5 விழுக்காட்டுக்கு உட்பட்டது. இதனால் மட்டும் உயிருக்கு ஆபத்து வராது. இரத்த அழுத்தம், இதயத் துடிப்பு, கருவியின் எண் என எல்லாவற்றையும் பார்த்துத்தான் மயக்கவியல் நிபுணர் திருகைத் தொடுகிறார். ஓர் எண்ணை மட்டும் அவர் நம்புவதில்லை.

அப்படியானால் உண்மை வயதைச் சொல்லாமலே விட்டுவிடலாமா? கூடாது. வயது என்பது ஆவி மருந்துக்கு மட்டும் வேண்டிய எண் அல்ல. தொடக்கத்தில் போடும் ஊசி, வலி நிவாரணி, இதயப் பரிசோதனை, அறுவைக்குப் பின் எந்த வார்டில் வைத்திருப்பது என்று பல முடிவுகளில் அது புகுந்து வருகிறது. ஒவ்வொன்றிலும் சிறு பிழை சேர்ந்தால் மொத்தம் சிறிதாக இருக்காது. நம் பெரியவர்களில் அட்டை வயதும் உண்மை வயதும் வேறாக இருப்பவர்கள் குறைவில்லை. அதை வெளியே சொன்னால் பதிவில் வழக்கு வருமோ, சலுகை போய்விடுமோ என்று தயங்குகிறார்கள். மருத்துவர் கேட்பது உடலின் வயதை; அட்டையைத் திருத்துவது அவர் வேலை இல்லை. "அட்டையில் இப்படி, ஆனால் வீட்டில் இன்னும் எட்டு வயது கூட என்று நினைக்கிறோம்" என்று ஒரு வரி சொன்னால் போதும். நாங்கள் சொன்னோம். மருத்துவர் தாளில் குறித்துக்கொண்டார். வேறு எதுவும் கேட்கவில்லை.

கைக்குழந்தைகளின் கணக்கு தனி

ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு மேப்பிள்சனின் கணக்கு பொருந்தாது. பிஞ்சு உடலுக்கு மருந்து மிகக் குறைவாகத்தான் வேண்டும் என்று நாம் நினைப்போம். ஆனால் மூச்சில் இருக்க வேண்டிய விழுக்காடு வாழ்நாளிலேயே அதிகமாக இருப்பது கைக்குழந்தைப் பருவத்தில்தான். பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைக்குச் செவோஃபுளூரேன் சுமார் 3.3 விழுக்காடு தேவைப்படலாம். பெரியவருக்கு வேண்டியதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்குத் தேவை குறைவு. அந்தச் சிறிய இதயமும் இரத்த அழுத்தமும் மருந்தால் எளிதில் தளர்ந்துவிடும் என்பதால் குழந்தைகளின் மயக்கம் தனிப் பயிற்சி வேண்டிய துறையாக இருக்கிறது.

உடல் எடையைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் நம்மிடம் உண்டு. பருமனானவருக்கு ஆவி மருந்து கூடுதலாகக் கொடுப்பார்கள் என்பார்கள். ஊசி மருந்துகளுக்கு எடை முக்கியம். ஆனால் மூச்சில் இருக்க வேண்டிய விழுக்காட்டை எடையோ உயரமோ மாற்றுவதில்லை. ஆணா பெண்ணா என்பதும், அறுவை எவ்வளவு நேரம் நடக்கிறது என்பதும் அதை மாற்றுவதில்லை. வயது மாற்றுகிறது. கர்ப்பம் குறைக்கிறது. உடல் குளிர்ந்தால் தேவை குறைகிறது. நீண்ட காலம் குடிப்பவருக்குத் தேவை கூடுகிறது. குடித்துவிட்டு அந்தப் போதையோடு வந்தவருக்குக் குறைகிறது.

அந்த எண் எதைச் சொல்லாது

மேக் அசைவைக் கொண்டு உருவான அளவு. கத்தி பட்டதும் உடல் துள்ளுவதை அடக்கும் வேலை பெரும்பாலும் முதுகுத்தண்டில் நடக்கிறது, மூளையில் இல்லை என்று 1990களில் விலங்குகளில் செய்த ஆய்வுகள் காட்டின. எனவே மேக் நேரடியாக நினைவை அளப்பதில்லை.

அதற்காக வந்ததுதான் நெற்றியில் ஒட்டும் பட்டை. மூளையின் மின்னலைகளைப் படித்து 0 முதல் 100 வரை ஓர் எண்ணைக் கொடுக்கும் கருவி அது. முழு விழிப்பு 100க்கு அருகில். அறுவைச் சிகிச்சைக்கு 40 முதல் 60 வரை. இது வந்தபின் மேக் தேவையில்லையா என்ற கேள்வி எழுந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2011இல் வெளியான ஆய்வு, விழிப்பு வரும் ஆபத்து அதிகமுள்ள 6,000 பேரை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவில் நெற்றிப்பட்டை. மற்றதில், வயதுக்கேற்பத் திருத்திய மேக் 0.7க்குக் கீழே போனால் ஒலிக்கும் எச்சரிக்கை மணி. அறுவையின்போது விழிப்பு வந்தது உறுதியானவர்கள் முதல் பிரிவில் 7 பேர், இரண்டாவதில் 2 பேர். ஆவி மருந்து கொடுக்கும்போது, வயதைச் சரியாகக் கொடுத்து மணியை இயக்கி வைப்பது விலையுயர்ந்த கருவிக்குச் சளைத்ததல்ல என்பது அந்த ஆய்வின் பாடம். முழுவதும் ஊசி மருந்தாலேயே மயக்கும்போது மூச்சில் அளக்க எதுவும் இல்லை. அங்கே நெற்றிப்பட்டை பெரிதும் உதவுகிறது.

அத்தைக்கு ஆறுதலாக இன்னொரு கணக்கு. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நாடு தழுவி நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வின்படி, பாதியில் விழிப்பு வந்ததாகப் பின்னர் தெரிவித்தவர்கள் ஏறத்தாழ 19,000 பேரில் ஒருவர். தசைத் தளர்ச்சி மருந்து கொடுத்தபோது அது 8,000 பேரில் ஒருவர். அவசரமாகச் செய்யப்படும் பிரசவ அறுவையில் இது இன்னும் அதிகம். பெரும்பாலானவை மயக்கம் தொடங்கும்போதோ தெளியும்போதோ நடந்தவை. அறுவையின் நடுவில் நடந்தவை குறைவு.

ஆழம் கூடினால்?

பாட்டியின் கேள்விக்கு நேர்ப் பதில் இதுதான்: முதுமை என்ற ஒரே காரணத்தால் எழாமல் போவதில்லை. மருந்தை நிறுத்தினால் வந்த வழியே, மூச்சின் வழியாகவே வெளியேறிவிடும். பெரியவர்களுக்கு ஆபத்து பெரும்பாலும் இதயம், நுரையீரல், சிறுநீரகம் ஆகியவற்றின் நோய்களாலும், நோய் முற்றிய நிலையில் அவசரமாக அறுவைக்கு வருவதாலும் ஏற்படுகிறது.

ஆனால் தேவைக்கு மேல் ஆழமாக மயக்கினால் விளைவு உண்டு. இரத்த அழுத்தம் சரியும், தெளிய நேரமாகும். 60 வயதுக்கு மேற்பட்ட 6,644 பேரிடம் பல நாடுகளில் நடந்து 2019இல் வெளியான பெரிய ஆய்வில், ஆழ்ந்த மயக்கம் கொடுத்தவர்களுக்கும் மிதமாகக் கொடுத்தவர்களுக்கும் ஓராண்டு இறப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதே ஆய்வின் ஒரு பகுதியாக 515 பேரைக் கவனித்தபோது, அறுவைக்குப் பின் மனக்குழப்பம் வந்தவர்கள் ஆழ்ந்த பிரிவில் 28 விழுக்காடு, மிதமான பிரிவில் 19 விழுக்காடு. இடம் தெரியாமல் விழிப்பது, இல்லாதவர்களைக் கூப்பிடுவது, இரவில் தாதியரோடு சண்டை போடுவது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சிலர் வார்டில் நடந்துகொள்வது இதுதான். காற்று கருப்பு பிடித்துவிட்டது என்று பதறுவதற்கு முன் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வீட்டிலிருந்து சொல்லிவிட வேண்டியவை

• அட்டை வயதும் உண்மை வயதும் வேறு என்றால் அதை.
• பீரோ, சம்சுவோ, கள்ளோ – எவ்வளவு, எத்தனை ஆண்டாக என்பதை. மருத்துவர் திட்டுவதற்காகக் கேட்கவில்லை.
• எல்லா மாத்திரைகளையும். நாட்டு மருந்து, லேகியம், கடையில் வாங்கிய மூலிகை மாத்திரை உட்பட. பெயர் தெரியாவிட்டால் பொட்டலத்தையே கொண்டுபோங்கள்.
• முன்பு மயக்கம் கொடுத்தபோது ஏதாவது சிக்கல் வந்திருந்தால் அதை.
• இரத்த உறவில் யாருக்காவது மயக்க மருந்தால் உடல் சூடு அபாயமாக ஏறியிருந்தால் அதைக் கட்டாயம். இந்த ஆவி மருந்துகளால் தூண்டப்படும் அரிய பரம்பரைக் கோளாறு ஒன்று உண்டு. முன்பே தெரிந்தால் வேறு மருந்தால் மயக்கலாம்.
• எத்தனை மணிக்குப் பிறகு சாப்பிடக்கூடாது என்று சொன்னார்களோ, அதை மீறி ஒரு வாய் பால் தேநீர் குடித்திருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள்.

நம் பாட்டிமார்கள் மருத்துவர் முன் கைகட்டி நின்று "சரிங்க ஐயா" என்று மட்டும் சொல்லிப் பழகியவர்கள். மலாயோ ஆங்கிலமோ தடுமாறினால் சொல்ல வந்ததும் வாயோடு நின்றுவிடும். அறுவைக்கு முன் நடக்கும் மயக்கவியல் பரிசோதனைக்கு வீட்டிலிருந்து ஒருவர் கூடப் போவது நல்லது. சுமை தூக்க இல்லை. இந்தப் பட்டியலைச் சொல்ல.

பாட்டியின் அறுவை முடிந்து அன்று மாலையே கண் விழித்தார். தொண்டை எரிகிறது என்றார், தண்ணீர் கேட்டார். பிறகு அத்தையைப் பார்த்து, "இடையில முழிப்பே வரலடி" என்றார். மறுநாள் காலை தாதி வந்து சரிபார்க்க வயதைக் கேட்டபோது, பாட்டி நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்: "அட்டையில எழுவது. ஆனா நான் எழுவத்தெட்டு."